ரோம் நகரத்தை நடந்து பார்க்க: ஆடியோ கைடு செயலியோடு முதல் முறை போகிறவர்களுக்கு

ரோமின் பழைய நகரம் நினைப்பதைவிடச் சின்னது. காம்போ தே ஃபியோரி சந்தையில் தொடங்கி, நவோனா சதுக்கம், பாந்தியான், ட்ரெவி நீரூற்று என்று நடந்து ஸ்பானியப் படிகளில் முடித்தால் மொத்தம் இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் வராது. அந்தத் தூரத்துக்குள் இரண்டாயிரம் வருடக் கதை கிடக்கிறது. அதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாமல் நடந்தால் அழகான கட்டடங்கள், பெருங்கூட்டம், கையில் ஒரு ஐஸ்கிரீம், இவ்வளவுதான் நினைவில் நிற்கும். வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொண்டால் செலவு அதிகம். குழுவோடு போனால் அவர்கள் வேகத்துக்கு நாம் ஓட வேண்டும். அதனால்தான் செல்போனில் ஓர் ஆடியோ கைடு செயலியைப் போட்டுக்கொண்டு சொந்தமாக நடப்பது எனக்குப் பிடித்த வழி.

நான் போனது அம்மாவோடு. அவருக்கு அறுபத்தாறு வயது, ஆங்கிலம் அவ்வளவாக வராது. முதல் நாள் ஆளுக்கொரு காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தோம். அரை மணி நேரத்தில் அவர் தன் பக்கத்து இயர்போனைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். குரல் எனக்கு மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அவர் எங்கேயோ பார்த்துக்கொண்டு வந்தார். மறுநாள் முறையை மாற்றினோம். முந்தின ராத்திரியே நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்தந்த இடத்தில் நின்று அவருக்குத் தமிழில் சொன்னேன். அதற்கப்புறம்தான் எங்களுக்கு ரோம் பிடிபட்டது. அந்த இரண்டு நாளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன். தனியாகப் போகிறவர்களுக்கும் இதே முறை பொருந்தும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு விதி. குரல் பேசும்போது நில்லுங்கள்; நடக்கும்போது குரலை நிறுத்திவிடுங்கள். இதை மட்டும் விடாமல் கடைப்பிடித்தால் மற்றவற்றில் பாதியை மறந்தாலும் பரவாயில்லை.

எந்தச் செயலி

இந்த வகைச் செயலிகளில் பொதுவாக இரண்டு விதம் உண்டு. ஒன்று, பாட்டு கேட்பதுபோல ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு ஒலிப்பதிவு. நாமே அழுத்திக் கேட்க வேண்டும். ரிக் ஸ்டீவ்ஸ் ஆடியோ யூரோப் இந்த விதம். முழுக்க இலவசம். நான் மேலே சொன்ன காம்போ தே ஃபியோரி முதல் ஸ்பானியப் படிகள் வரையிலான நடை அதில் அப்படியே இருக்கிறது. கொலோசியம், பழைய ரோமின் மையச் சதுக்கமான ரோமன் ஃபோரம், பாந்தியான், புனித பேதுரு பேராலயம் ஆகியவற்றுக்கும் தனித்தனிப் பதிவுகள் உண்டு.

இன்னொரு விதத்தில் ஜிபிஎஸ் மூலம் நாம் நிற்கும் இடத்தைத் தெரிந்துகொண்டு குரல் தானாகவே பேசத் தொடங்கும். வாய்ஸ்மேப் அப்படிப்பட்டது, அதில் பெரும்பாலும் ஒவ்வொரு நடைக்கும் தனியாகக் காசு கட்டி வாங்க வேண்டும். ஐஸி டிராவல் என்ற செயலியில் பல பேர் பதிவேற்றிய நடைகள் இருக்கின்றன. சில மிக நன்றாக இருக்கும், சில சுமார்.

ஜிபிஎஸ் விதத்தில் செல்போனைப் பார்க்கவே தேவையில்லை என்பது பெரிய வசதி. ஆனாலும் ரோமுக்கு முதல் முறை போகிறவர்களுக்கு முதல் விதத்தைத்தான் சொல்வேன். பழைய நகரத்துச் சந்துகள் குறுகல், இரண்டு பக்கமும் நாலைந்து மாடிக் கட்டடங்கள். செல்போனுக்கு வானமே சரியாகத் தெரியாது. வரைபடத்தில் நம்மைக் காட்டும் நீலப் புள்ளி அடுத்த தெருவுக்குத் தாவும், திரும்பி வரும். பேச வேண்டிய இடத்தில் குரல் பேசாமல் போனாலோ, இரண்டு கட்டடம் தள்ளிப் பேசினாலோ, புதிதாக வந்தவர் குழம்பிப் போவார். நாமே அழுத்தும் பதிவில் அந்தச் சிக்கல் வராது.

தமிழில் எதிர்பார்க்க வேண்டாம், ஆங்கிலம்தான். அமெரிக்க உச்சரிப்பு பழகாதவர்களுக்கு முதல் பத்து நிமிடம் கொஞ்சம் கடினம், அப்புறம் காது பழகிவிடும்.

கிளம்புவதற்கு முன்னால் வீட்டில்

வைஃபை இருக்கும்போதே தேவையான பதிவுகளை எல்லாம் செல்போனில் இறக்கிவிடுங்கள். இறக்கியதும் ஒரு சோதனை செய்யுங்கள்: செல்போனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு ஒவ்வொரு பதிவையும் சில நொடிகள் ஓட்டிப் பாருங்கள். ஓடினால் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இறங்கியதுபோலத் தோன்றிவிட்டு, தெருவில் நெட் இல்லாத இடத்தில் நின்றுவிடுகிற பதிவுகள் உண்டு. கூகுள் மேப்பில் ரோம் நகரப் பகுதியை ஆஃப்லைனுக்கு இறக்கி, நடையில் வரும் ஐந்து முக்கிய இடங்களுக்கும் நட்சத்திரம் போட்டு வையுங்கள்.

எடுத்துப் போக வேண்டியவை: முழுதாக சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க், அதற்கு ஒரு சின்ன வயர், தண்ணீர் பாட்டில், தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை. தேவாலயங்களில் கையில்லாத மேல்சட்டைக்கும் அரைக்கால் சட்டைக்கும் அனுமதி கிடைக்காமல் போகலாம். சேலை, சுடிதார் கட்டியவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. மற்றவர்கள் பையில் ஒரு துப்பட்டா வைத்துக்கொண்டால் போதும். அம்மா இதோடு தொண்டைக்கு என்று ஒரு சின்ன மிளகுப் பொட்டலமும் கொண்டுவந்தார். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

செருப்பு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய ரோமின் தெருக்களில் பதித்திருப்பது கையளவு கறுப்பு எரிமலைக் கற்கள். சாம்பியெத்ரீனி என்று அங்கே பெயர். பார்க்க அழகு, ஆனால் மேடும் பள்ளமுமாக இருக்கும். மழை பெய்தால் வழுக்கும். மெல்லிய அடியுள்ள செருப்போடு மூன்று மணி நேரம் நடந்தால் அடுத்த நாள் எழுந்திருக்க முடியாது. ஏற்கெனவே போட்டுப் பழகிய ஷூதான் வேண்டும்.

முந்தின ராத்திரி

அறையில் உட்கார்ந்து மறுநாளைய நடையை ஒருமுறை முழுதாகக் கேளுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இரண்டு மூன்று வரி தமிழில் எழுதி வைத்தால் போதும். யார் கட்டியது, எப்போது, எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்ற அளவுக்கு. இதனால் ஊரைப் பார்க்கும் ஆச்சரியம் குறைந்துவிடுமோ என்று எனக்கும் தயக்கம் இருந்தது. குறையவில்லை. பெயர்களும் வருடங்களும் முந்தின ராத்திரியே காதில் விழுந்துவிட்டதால், மறுநாள் கண்ணுக்கு ஓய்வாகப் பார்க்க முடிந்தது.

பெரியவர்களை, குழந்தைகளை அழைத்துப் போகிறவர்களுக்கு இந்தப் படி கட்டாயம். நீங்களே வழிகாட்டியாக மாறிவிடுகிறீர்கள். சொல்லிக் கொடுப்பதற்காகக் கேட்கும்போது நமக்கும் நன்றாகப் பதிகிறது.

காலையில்

எட்டு மணிக்குத் தொடங்குவது நல்லது. தேவாலயங்கள் பல மதியம் பன்னிரண்டரை வாக்கில் மூடி, சாயங்காலம் மூன்று நாலு மணிக்குத்தான் திறக்கும். பாந்தியான் ஒன்பது மணிக்குத் திறக்கிறது. சந்தை காலையில்தான் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை கிடையாது.

தெர்மினி ரயில் நிலையத்திலிருந்து வருகிறவர்கள் 40 அல்லது 64-ஆம் எண் பேருந்தில் ஏறி லார்கோ அர்ஜெந்தினாவில் இறங்கிக்கொள்ளலாம். அங்கிருந்து காம்போ தே ஃபியோரி கொஞ்ச தூரம்தான். 64-ஆம் எண் பேருந்து ஜேப்படிக்குப் பேர் போனது. பர்ஸையும் பாஸ்போர்ட்டையும் உள்பையில் வையுங்கள், பேருந்திலும் மெட்ரோவிலும் இயர்போன் மாட்டாதீர்கள். காது வேறு எங்கோ இருக்கும் ஆளைத்தான் அவர்கள் தேடுவார்கள்.

லார்கோ அர்ஜெந்தினாவில் இறங்கியதும் தெரு மட்டத்துக்குக் கீழே ஒரு பெரிய பள்ளமும் உடைந்த தூண்களும் தெரியும். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரைக் குத்திக் கொன்ற மண்டபம் இந்த இடத்தை ஒட்டித்தான் இருந்தது. இப்போது அங்கே பூனைகள் வெயில் காய்கின்றன. அவற்றுக்கு ஒரு காப்பகமே நடக்கிறது.

காம்போ தே ஃபியோரி: நிற்கப் பழகும் இடம்

பூக்களின் வயல் என்று பொருள். காய்கறி, பழம், பூக்கடைகள். நடுவில் முக்காடு போட்ட ஒரு துறவியின் கறுத்த சிலை. அது ஜோர்தானோ புரூனோ. நட்சத்திரங்கள் எல்லாம் சூரியன்கள், பிரபஞ்சத்துக்கு எல்லையே இல்லை என்றெல்லாம் சொன்னவர். மதத்துக்கு விரோதமான கருத்துகள் என்று தீர்ப்பளித்து 1600 பிப்ரவரி 17 அன்று இதே இடத்தில் உயிரோடு எரித்தார்கள். சிலை 1889-இல் வைத்தது.

செயலியை இயக்கப் பழக இது நல்ல இடம், வாகனத் தொல்லை இல்லை. ஆடியோ கைடில் புதியவர்கள் அதிகம் தடுமாறுவது திசையில்தான். 'உங்களுக்கு இடது பக்கம் பாருங்கள்' என்று குரல் சொல்லும். நாம் வேறு பக்கம் பார்த்து நின்றால் எல்லாமே தப்பாகிவிடும். அதனால் அழுத்துவதற்கு முன்னால் அந்த நிறுத்தத்தின் அடையாளத்தைக் கண்டுபிடியுங்கள். இங்கே அது சிலை. குரல் எங்கே நிற்கச் சொல்கிறதோ அங்கே, எதைப் பார்க்கச் சொல்கிறதோ அதைப் பார்த்து நின்றுவிட்டு அப்புறம் தொடருங்கள்.

ஒவ்வொரு பதிவின் முடிவிலும் அடுத்த இடத்துக்கு வழி சொல்வார்கள். அந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். கேட்டதும் குரலை நிறுத்திவிட்டு நடங்கள். முதல் நாள் நான் குரலை ஓடவிட்டபடியே இங்கிருந்து நவோனாவுக்கு நடந்தேன். திரும்பச் சொன்ன சந்து வந்தபோது காதில் வேறு ஏதோ கதை ஓடிக்கொண்டிருந்தது, தாண்டிப் போய்விட்டோம். அரை மணி நேரம் சந்து சந்தாகச் சுற்றினோம், அம்மாவுக்குக் கால் வலி வந்துவிட்டது. வழியில் கோர்ஸோ வித்தோரியோ எமானுவேலே என்ற பெரிய சாலையைக் கடக்க வேண்டும். அங்கே இயர்போனை முழுதாகக் கழற்றிவிடுங்கள்.

நவோனா சதுக்கம்

சதுக்கம் என்று சொன்னாலும் இது நீளமானது, ஒரு முனை வளைந்திருக்கும். கி.பி. 86 வாக்கில் பேரரசர் தோமித்தியன் இங்கே ஓட்டப்பந்தயங்களுக்காக ஒரு விளையாட்டரங்கம் கட்டினார். இப்போது சுற்றிலும் நிற்கும் வீடுகள் பார்வையாளர் இருக்கைகள் இருந்த இடத்தின்மேல் எழுந்தவை. ஓடுகளம்தான் சதுக்கம். இதைத் தெரிந்துகொண்டு நடுவில் நின்று மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள், வடிவம் கண்ணுக்குள் வந்துவிடும்.

நடுவில் சிற்பி பெர்னினியின் நான்கு நதிகள் நீரூற்று. 1651-இல் முடித்தது. நான்கு கண்டங்களுக்கு நான்கு நதிகள்: நைல், டான்யூப், தென் அமெரிக்காவின் பிளாத்தா, அப்புறம் நம் கங்கை. நைலின் தலையை ஒரு துணி மூடியிருக்கும், அதன் பிறப்பிடம் அப்போது யாருக்கும் தெரியாது என்பதற்காக. கங்கை, கையில் நீளமான துடுப்போடு உட்கார்ந்திருக்கும் தாடி வைத்த ஆண்.

அம்மா அதன் முன்னால் வெகுநேரம் நின்றார். 'கங்கையைப் போய் ஆம்பளையா வச்சிருக்காங்களே' என்றார். ரோமானியர்களுக்கு நதிகள் பெரும்பாலும் ஆண் தெய்வங்கள், அதனால் அப்படிச் செய்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவருக்கு மனம் ஒப்பவில்லை. இருந்தாலும் இவ்வளவு தூரத்தில் முன்னூற்றைம்பது வருடத்துக்கும் மேலாகக் கங்கை உட்கார்ந்திருக்கிறது என்பதில் சந்தோஷம். நீரூற்றை முழுதாகச் சுற்றி வந்தால்தான் நான்கு பேரையும் பார்க்க முடியும். ஒரே இடத்தில் நின்று பதிவைக் கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள்.

இங்கே ஒரு கதை அடிக்கடி காதில் விழும். எதிரே இருக்கும் புனித ஆக்னெஸ் தேவாலயத்தைக் கட்டிய பொர்ரோமினியை பெர்னினிக்குப் பிடிக்காதாம். அந்தக் கட்டடம் தன்மேல் விழுந்துவிடும் என்று பயந்து பிளாத்தா கையை உயர்த்தியிருக்கிறதாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீரூற்று முடிந்தது 1651-இல், தேவாலய வேலை தொடங்கியதே 1652-இல். குரல் எதுவாக இருந்தாலும் இப்படி வருடங்களைச் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நல்லது. குழந்தைகளோடு போனால் இதை ஒரு விளையாட்டாகவே செய்யலாம்.

காபி குடிக்க ஆசை வந்தால் சதுக்கத்தில் நாற்காலி போட்ட கடைகளில் உட்காராமல், பக்கத்துத் தெருவில் ஒரு பாரில் போய் நின்றுகொண்டே குடியுங்கள். இத்தாலியில் பார் என்றால் காபிக் கடையும்தான். நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. கழிவறைக்கும் அதுதான் சுலபமான வழி. ஒரு காபி வாங்கினால் சாவி கேட்கலாம்.

போகிற வழியில் ஒரு தேவாலயம்

நவோனாவுக்கும் பாந்தியானுக்கும் நடுவில் பிரெஞ்சுக்காரர்களின் தேவாலயம் ஒன்று இருக்கிறது, சான் லுயீஜி தெய் ஃபிரஞ்சேஸி. நுழைய இலவசம். உள்ளே இடது பக்கக் கடைசிச் சிற்றறையில் கரவாஜ்யோ வரைந்த புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று. இருட்டாக இருந்தால் அங்கே இருக்கும் பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தின் பெரிய அருங்காட்சியகங்கள் ஏங்கும் ஓவியங்களை, வரைந்து மாட்டிய அதே சுவரில் வைத்துப் பார்ப்பது இது. என்னைக் கேட்டால் இதைத் தவறவிடக் கூடாது. தேவாலயத்துக்குள் ஸ்பீக்கரில் எதையும் ஓட்டாதீர்கள். வெளியே படியில் நின்று கேட்டுவிட்டு, இயர்போனைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு உள்ளே போனால் அந்த அமைதியும் கிடைக்கும்.

பாந்தியான்

2023 ஜூலையிலிருந்து நுழைவுச் சீட்டு உண்டு. முன்பதிவு செய்துகொண்டால் வரிசையில் நிற்கும் நேரம் குறையும். ரோமானியர்கள் கோயிலாகக் கட்டிய இது இன்றைக்கு வழிபாடு நடக்கும் தேவாலயம், அதனால் பூசை நேரத்தில் சுற்றிப் பார்க்க விடமாட்டார்கள். போகிற நாளின் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதிவை இரண்டாகப் பிரித்துக் கேட்பது என் வழக்கம். முகப்பைப் பற்றியதை வெளியே, சதுக்கத்தின் நீரூற்றுப் படியில் உட்கார்ந்து கேட்கலாம். பதினாறு தூண்கள், ஒவ்வொன்றும் எகிப்திலிருந்து கொண்டுவந்த ஒற்றைக் கல். மேலே பெரிய எழுத்தில், லூசியஸின் மகன் மார்க்கஸ் அக்ரிப்பா மூன்றாம் முறை கான்சல் என்ற உயர்ந்த ஆட்சிப் பதவியில் இருந்தபோது கட்டினார் என்று லத்தீனில் இருக்கிறது. ஆனால் அக்ரிப்பா கட்டியது எரிந்துபோய்விட்டது. நாம் பார்ப்பது பேரரசர் ஹாத்ரியன் காலத்தில், கி.பி. 126 வாக்கில் முடித்த கட்டடம். பழைய பெயரை அப்படியே விட்டுவிட்டார்கள். இந்த அக்ரிப்பாவின் பெயரை நினைவில் வையுங்கள், திரும்ப வருவார்.

உள்ளே நுழைந்ததும் எதையும் அழுத்தாதீர்கள். நேராக நடுவுக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். மேலே திறந்த வட்டம், அதற்கப்பால் வானம். கண் பழகியதும் குரலைப் போடுங்கள். குவிமாடத்தின் விட்டம் 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சிக்கும் அதே 43.3 மீட்டர். ஒரு முழுப் பந்தை உள்ளே வைத்தால் சரியாக உட்காரும். எல்லாம் காங்கிரீட், உள்ளே கம்பி கிடையாது. கம்பியில்லாத காங்கிரீட் குவிமாடங்களில் இன்றைக்கும் உலகத்தில் இதுதான் பெரியது. கீழே கனமான கல்லும், மேலே போகப் போக எரிமலைக் குழம்பில் உண்டான நுரைக்கல்போல எடை குறைந்ததும் கலந்ததால்தான் நிற்கிறது. திறந்த வட்டம் வழியாக மழை உள்ளே விழும். தரை லேசாக வளைந்திருக்கும். சின்ன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் இறங்கிவிடும். அந்த ஓட்டைகளைத் தேடிப் பாருங்கள், குரல் சொல்லும்வரை பலர் அவற்றை மிதித்துக்கொண்டே போவார்கள். 1520-இல் இறந்த ஓவியர் ரஃபேலின் கல்லறையும் இங்கேதான்.

வெளியே வந்து கட்டடத்தின் பின்பக்கம் ஒரு நிமிடம் நடந்தால், முதுகில் எகிப்தியக் கல்தூணைச் சுமக்கும் ஒரு சின்ன யானை நிற்கும். பெர்னினி வடிவமைத்தது, 1667-இல் வைத்தது. அம்மா படம் எடுக்கச் சொன்ன ஒரே இடம் இதுதான்.

ட்ரெவி

இந்த இடத்துக்குப் போகும்போது இரண்டு சந்து முன்னாலேயே இயர்போனைக் கழற்றிவிடுங்கள். தண்ணீர் கண்ணில் படுவதற்கு முன்னால் காதில் விழும். அந்தச் சத்தம் கூடிக்கொண்டே வந்து, சந்து முடியும்போது முழு நீரூற்றும் எதிரே நிற்கும். எந்தக் குரலும் அந்த நேரத்தில் குறுக்கே பேசக் கூடாது.

நிக்கோலா சால்வி வடிவமைத்து 1732-இல் தொடங்கினார். அவர் இறந்தபின் வேறு ஒருவர் கையில் 1762-இல் முடிந்தது. ஆனால் தண்ணீர் அதைவிட மிகப் பழையது. கி.மு. 19-இல் அக்ரிப்பா, அதே அக்ரிப்பாதான், ரோமுக்கு வெளியே இருக்கும் ஊற்றுகளிலிருந்து சுமார் 21 கிலோமீட்டர் தூரத்துக்கு ஒரு கால்வாயைக் கொண்டுவந்தார். பெரும்பகுதி பூமிக்கு அடியில். தாகத்தோடு வந்த போர் வீரர்களுக்கு ஓர் இளம்பெண் அந்த ஊற்றைக் காட்டினாள் என்று கதை. அதனால் கன்னி நீர் என்று பெயர். நீரூற்றின் மேல்பகுதியில் வலது பக்கப் புடைப்புச் சிற்பத்தில் அந்தப் பெண்ணையும், இடது பக்கத்தில் அக்ரிப்பாவையும் பார்க்கலாம். காலப்போக்கில் சிதைந்து, செப்பனிட்டு, அந்தக் கால்வாய் வழி இன்னும் தண்ணீர் வருகிறது. நவோனாவின் நான்கு நதிகளுக்கும் இதே தண்ணீர்தான். அப்படியென்றால் காலையில் பார்த்த கங்கையின் கல் காலடியில் ஓடுவதும் அக்ரிப்பாவின் தண்ணீர். இதை அம்மாவிடம் சொன்னபோது, 'வாய்க்காலை ஒழுங்கா வச்சிருந்தா எத்தனை தலைமுறைக்கு வேணும்னாலும் வரும்' என்றார். நடை முழுவதையும் ஒரே இழையில் கோத்தது எனக்கு இந்தத் தண்ணீர்தான்.

வலது கையால் இடது தோளுக்கு மேல் காசு போடுவது வழக்கம். சேரும் காசு காரித்தாஸ் என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்புக்குப் போகிறது. தண்ணீரில் காலை நனைத்தால் அபராதம். நீரூற்றுக்குக் கிட்டே போவதற்கான விதிகள் மாறிக்கொண்டிருப்பதால் போகும்போது நகராட்சியின் அறிவிப்பைப் பார்த்துவிடுங்கள். பகல் பதினொரு மணிக்கு இங்கே நின்று பதிவைக் கேட்பது கஷ்டம், அவ்வளவு கூட்டம் இருக்கும். கதையை வேறு ஓர் அமைதியான ஓரத்தில் கேட்டுவிட்டு வந்து பாருங்கள். முடிந்தால் இன்னொரு நாள் விடியற்காலை ஆறரைக்கு மறுபடி வாருங்கள்.

இதனாலேயே சிலர் நடையைத் தலைகீழாக, ட்ரெவியிலிருந்து தொடங்குவார்கள். செய்யலாம், ஆனால் பதிவுகள் சொல்லும் வழி எல்லாம் தலைகீழாகிவிடும். அப்போது கதைக்கு மட்டும் குரல், வழிக்கு வரைபடம் என்று பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் முறைக்கு வேண்டாம்.

பாட்டில் தண்ணீரைக் காசு கொடுத்து வாங்க வேண்டியதே இல்லை. நகரம் முழுக்கத் தெருவோரத்தில் வளைந்த மூக்கு வைத்த இரும்புக் குழாய்கள் எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கும். நஸோனி என்று பெயர், பெரிய மூக்கு என்று அர்த்தம். நல்ல குடிநீர், கோடையிலும் சில்லென்று இருக்கும். குழாயின் வாயை விரலால் அடைத்தால் மேலே இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சும், குனியாமல் குடிக்கலாம்.

ஸ்பானியப் படிகள்

1720-களில் கட்டிய படிகள். 2019-லிருந்து உட்காரத் தடை, காவலர் விசிலடித்து எழுப்பிவிடுவார். கால் ஓய்ந்துபோய் வந்து உட்காரலாம் என்று நம்பி வராதீர்கள். படிகளின் அடியில் பாதி மூழ்கிய படகுபோல ஒரு நீரூற்று இருக்கும். பெர்னினியின் அப்பா பியெத்ரோ செய்தது. இங்கே வரும் கன்னி நீருக்கு உயரமாகப் பீய்ச்சும் அழுத்தம் இல்லை, அதனால்தான் அதைத் தாழ்வான படகாக அமைத்தார்கள். படிகளுக்கு வலது பக்கத்து வீட்டில்தான் கவிஞர் கீட்ஸ் 1821-இல், இருபத்தைந்து வயதில் இறந்தார்.

பக்கத்திலேயே ஸ்பாஞ்ஞா மெட்ரோ நிலையம். அங்கிருந்து தெர்மினிக்கு நேராகப் போய்விடலாம். படி ஏற முடியாதவர்களுக்கு நிலையத்தின் பக்கத்திலிருந்து மேலே போக லிஃப்ட் இருக்கிறது.

எல்லாம் சேர்த்து எங்களுக்கு நாலரை மணி நேரம் ஆனது. அவசரமாக நடந்தால் ஒன்றரை மணியில் முடிக்கலாம். முடிக்க வேண்டாம் என்றுதான் சொல்வேன். கால் வலித்தால் பாந்தியானோடு நிறுத்திவிட்டு மீதியைச் சாயங்காலம் வையுங்கள். பதிவு எங்கேயும் ஓடிப்போகாது.

அடுத்த நாள், ஃபோரம்

ஒரு நடை பழகிவிட்டால் ரோமன் ஃபோரத்தையும் இதே முறையில் பார்க்கலாம். கொலோசியத்துக்கும் ஃபோரத்துக்கும் சேர்த்து ஒரே சீட்டு. பெயர் போட்டுத் தருவார்கள், அதனால் அடையாள அட்டை வேண்டும். அதிகாரப்பூர்வத் தளத்தில் முன்கூட்டியே வாங்குங்கள். நிழல் குறைவு, காலையிலேயே போய்விடுங்கள். இங்கே கட்டடங்கள் பெரும்பாலும் அடித்தளமாகவும் உடைந்த தூணாகவும்தான் மிஞ்சியிருக்கின்றன. குரல் இல்லாமல் ஒன்றும் விளங்காத இடம். ஆடியோ கைடு மிக அதிகம் உதவுவது இங்கேதான்.

தமிழ் பேசுகிறவர்கள் இங்கே சொந்தமாக ஒரு நிறுத்தம் சேர்த்துக்கொள்ளலாம். புனித வழி என்ற பழைய தெருவை ஒட்டி மூன்று பிரமாண்டமான வளைவுகள் நிற்கும், அது பேரரசர் மாக்ஸென்தியஸின் மண்டபம். அதற்கு அடியில் இருந்தது மிளகுக் கிடங்கு. நவோனாவில் விளையாட்டரங்கம் கட்டிய அதே தோமித்தியன் கட்டியது. தென்னிந்தியக் கரையிலிருந்து போன மிளகும் மற்ற வாசனைச் சரக்கும் இங்கே சேர்த்து வைத்து விற்றார்கள். யவனர் கப்பல்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாட்டு சொல்கிறது. அந்தக் கப்பல்களின் சரக்கு கடைசியில் வந்து இறங்கிய ஊர் இது.

நான் குரலை நிறுத்திவிட்டு இதை அம்மாவிடம் சொன்னேன். 'நம்ம மிளகா?' என்று ஒருமுறை கேட்டார். அப்புறம் கைப்பையைத் திறந்து அந்தப் பொட்டலத்தை எடுத்தார். தான் இரண்டை வாயில் போட்டுக்கொண்டு என் கையில் இரண்டு வைத்தார். வளைவுகளைப் பார்த்தபடியே மென்றுகொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.